கேம்பேடும் துபாஷியும்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில், செய்யாற்றங்கரையில், திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற திருமாகறலீசுவரர் கோயிலையும் அதைச் சூழ்ந்த வயல்களையும் கொண்டு விளங்கும் மாகறலைப் போன்ற கிராமங்களுக்குக் கம்ப்யூட்டர் வந்து சேர்ந்த கதையில் அரசாங்கத்துக்கு ஒரு பெரும் பங்கு உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில் தொடங்கிவைக்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டம், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்புப் படித்த பிள்ளைகளின் கையில் அந்த யந்திரத்தைக் கொண்டுவந்து கொடுத்தது. பாடத்துக்காகக் கொடுத்த யந்திரத்தில் பிள்ளைகள் விளையாடவும் செய்தார்கள் என்பதை நான் ஒரு குறையாகச் சொல்ல மாட்டேன். ஒரு யந்திரத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று முதன்முதலாகக் கேட்கத் தூண்டுவது பெரும்பாலும் விளையாட்டுத்தான்.

அப்படி எழும் கேள்விகளில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சில நூறு ரூபாய்க்குக் காஞ்சிபுரத்துக் கடையிலோ சென்னை ரிச்சி தெருவிலோ வாங்கிவந்த ஒரு கேம்பேடை, நம் பிள்ளைகள் ஜாய்ஸ்டிக் என்றே அழைக்கும் அந்தச் சாதனத்தை, கம்ப்யூட்டரில் செருகியதும் அதன் சிவப்பு விளக்கு எரிகிறது. விண்டோஸ் அதைக் கண்டுகொண்டதாக அறிவிக்கிறது. சோதனை ஜன்னலைத் திறந்து பட்டன்களை அழுத்தினால் அதற்குரிய வட்டங்கள் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன. 2006-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த இ.ஏ. கிரிக்கெட் 07 ஆட்டத்தில் அதைக்கொண்டு பந்தை அடிக்கவும் முடிகிறது. ஆனால் அதே கேம்பேடைச் சற்று வலுவான கம்ப்யூட்டர் ஒன்றில் செருகி, 2014-இல் வெளிவந்த டான் பிராட்மன் கிரிக்கெட் 14 என்னும் ஆட்டத்தைத் திறந்தால், எந்தப் பட்டனுக்கும் பதில் இல்லை. இத்தனைக்கும் ஆஸ்திரேலியாவின் பிக் ஆன்ட் ஸ்டுடியோஸ் நிறுவனத்தார் செய்த அந்த ஆட்டம், கேம்பேட் இருந்தால்தான் ஆட முடியும் என்ற நிபந்தனையோடு வந்தது. “சிஸ்டம் எடுக்குது, கேம் எடுக்கல” என்று பிள்ளைகள் சொல்வார்கள். “மலிவுச் சரக்கு, கெட்டுப்போய்விட்டது” என்று வீட்டுப் பெரியவர்கள் தீர்ப்புச் சொல்வார்கள். பிள்ளைகள் சொல்வது துல்லியமான அவதானம். பெரியவர்கள் சொல்வது பெரும்பாலும் நியாயமற்ற தீர்ப்பு.

ஏன் நியாயமற்றது என்பதை அறியக் கேம்பேடின் பின்புறத்துத் திருகுகளைக் கழற்றிப் பார்ப்பதே உத்தமம். உள்ளே ஒரு பச்சை நிறச் சர்க்யூட் பலகை. அதன்மேல் ஒவ்வொரு பட்டனுக்கும் அடியில் ஒரு ரப்பர் குமிழ். குமிழின் உட்புறத்தில் மின்சாரத்தைக் கடத்தும் கரிப்பூச்சு. பட்டனை அழுத்தினால் குமிழ் அமுங்கி, கரிப்பூச்சு பலகையிலுள்ள இரண்டு கோடுகளைத் தொட்டு இணைக்கிறது. விரலை எடுத்தால் இணைப்பு விடுபடுகிறது. கட்டைவிரலால் சுழற்றும் ஸ்டிக்கின் அடியில், ஒன்றுக்கொன்று செங்குத்தாக, ரேடியோவின் ஒலிக்குமிழில் இருப்பது போன்ற இரண்டு மின்தடைகள் இருக்கின்றன. ஸ்டிக் சாயச் சாய அவற்றிலிருந்து கிடைக்கும் மின்னழுத்தம் மாறுகிறது. நடுவிலுள்ள ஒரு சிறு சில்லு அந்த அழுத்தத்தை அளந்து, 0 முதல் 255 வரையிலான ஓர் எண்ணாக மாற்றிக்கொள்கிறது. இவ்வளவுதான் கேம்பேட். “ஓடு” என்றோ “பந்தை அடி” என்றோ அதற்குள் எங்கும் எழுதியிருக்கவில்லை. மூன்றாவது பட்டனுக்கு என்ன அர்த்தம் என்பது பட்டனைச் சேர்ந்த விஷயமாக இல்லாமல், அனுப்புகிறவனும் பெறுகிறவனும் முன்கூட்டிச் செய்துகொள்ளும் ஓர் ஒப்பந்தத்தைச் சேர்ந்த விஷயமாக இருக்கிறது. நம் புதிர் முழுவதும் அந்த ஒப்பந்தத்தைப் பற்றியதே.

ஆதியில் இந்த ஒப்பந்தத்துக்கு அவசியம் அதிகம் இருக்கவில்லை. 1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் கம்ப்யூட்டருக்கென வெளியிட்ட பதினைந்து ஊசி கேம் போர்ட்டில் நான்கு அச்சுகளுக்கும் நான்கு பட்டன்களுக்கும் மட்டுமே இடம் இருந்தது. ஸ்டிக்கின் மின்தடை வழியாக ஒரு சிறு மின்தேக்கி நிரம்புவதற்கு எத்தனை நேரம் பிடிக்கிறது என்று கம்ப்யூட்டரே அளந்து, ஸ்டிக் எங்கே சாய்ந்திருக்கிறது என்பதை ஊகித்துக்கொண்டது. சாதனம் தன்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சொல்ல அதற்கு வழியும் இல்லை. எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போல இருந்ததால் குழப்பமும் இல்லை.

1996-இல் யூ.எஸ்.பி. வந்தபோது நிலைமை அடியோடு மாறியது. பரோடாவில் கல்வி கற்று, அமெரிக்காவின் இன்டெல் நிறுவனத்தில் பணியாற்றிய அஜய் பட் என்ற இந்தியர் முன்னின்று உருவாக்கிய அந்த இணைப்பு முறையின் விசேஷம் என்னவென்றால், செருகப்பட்ட சாதனம் தான் யார் என்பதைத் தானே சொல்லிக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறது. கம்ப்யூட்டர் முதலில் அதற்கு ஒரு விலாசம் தருகிறது, பிறகு, “உன்னைச் செய்தவர் யார்? நீ என்ன மாதிரி?” என்று இரண்டு எண்களைக் கேட்கிறது. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பெயரற்ற கேம்பேடுகள் பலவற்றை இப்படிக் கேட்டால் 121, 6 என்ற எண்களே பதிலாக வரும். 121 என்பது டிராகன்ரைஸ் என்னும் நிறுவனத்துக்கு உரிய எண். வெளியே அட்டைப்பெட்டியில் எந்தப் பெயர் அச்சிட்டிருந்தாலும் உள்ளே இருக்கும் சில்லு ஒன்றேயாக இருப்பது இதனால் தெரிந்துவிடுகிறது.

அதற்குப் பிறகு வருவதுதான் முக்கியமான கட்டம். கீபோர்டு, மவுஸ், கேம்பேட் ஆகிய, மனிதன் கையால் இயக்கும் சாதனங்களுக்கெல்லாம் பொதுவாக ஹெச்.ஐ.டி. என்றொரு விதி வகுத்திருக்கிறார்கள். அந்த விதிப்படி, ஒவ்வொரு சாதனமும் தான் அனுப்பப்போகும் செய்திகளின் அமைப்பை முன்னதாகவே ஒரு பட்டியலாகத் தர வேண்டும். இதை அறிக்கை விவரணம் என்று நாம் அழைக்கலாம். “நான் அனுப்பும் செய்தியின் முதல் எட்டுப் பிட் எக்ஸ் அச்சு, அடுத்த எட்டு ஒய் அச்சு, அதன்பின் திசைப் பட்டன், அதன்பின் பன்னிரண்டு சாதாரணப் பட்டன்கள்” என்ற பாணியில், ஆனால் சொற்களுக்குப் பதிலாகச் சங்கேத எண்களால், அந்த விவரணம் அமைந்திருக்கும். எக்ஸ் அச்சுக்கு 48, ஒய் அச்சுக்கு 49, இசட் அச்சுக்கு 50 என்று உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட எண்கள் இருக்கின்றன. கேம்பேட் என்ற சாதன வகைக்கே 5 என்பது எண்.

நம் மலிவுக் கேம்பேடு அனுப்பும் செய்தியைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். எட்டே எட்டு பைட்; அதாவது 0 முதல் 255 வரை மதிப்புக்கொள்ளும் எட்டு எண்கள். யாரும் தொடாமல் மேஜைமேல் கிடக்கும்போது ஸ்டிக்குகளுக்கு உரிய எண்கள் 127 அல்லது 128 என்று நிற்கும். இடது ஸ்டிக்கை முழுவதும் இடப்புறம் தள்ளினால் ஓர் எண் 0 ஆகும். வலப்புறம் தள்ளினால் 255 ஆகும். பட்டன்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பிட். அழுத்தினால் 1, விட்டால் 0. இந்தச் செய்தியைக் கேம்பேட் தானாக அனுப்புவதும் இல்லை. யூ.எஸ்.பி. முறையில் கம்ப்யூட்டர் கேட்டால்தான் சாதனம் பேசலாம். மெதுவான வேகத்தில் இயங்கும் கேம்பேடை ஏறக்குறைய பத்து மில்லிவினாடிக்கு ஒருமுறை கம்ப்யூட்டர் விசாரிக்கிறது. திரையில் வினாடிக்கு அறுபது படங்கள் ஓடும் ஆட்டத்தில் ஒரு படத்துக்கு ஆகும் காலம் ஏறத்தாழ 17 மில்லிவினாடி என்பதை நினைத்தால், இந்த விசாரணை போதிய விரைவுடன்தான் நடக்கிறது என்பது விளங்கும்.

இந்த எட்டு எண்கள் விண்டோஸுக்குப் புரிகின்றன. சோதனை ஜன்னலில் வட்டங்கள் ஒளிர்வது அதனால்தான். பிள்ளைகள் சொன்ன “சிஸ்டம் எடுக்குது” என்பதன் தாத்பரியம் இதுவே. எஞ்சியிருப்பது, விண்டோஸிடமிருந்து ஆட்டம் அதை எப்படிப் பெறுகிறது என்ற கேள்வி. இங்கேதான் பாதை இரண்டாகப் பிரிகிறது.

முதல் பாதையின் பெயர் டைரக்ட்இன்புட். மைக்ரோசாப்ட் நிறுவனம் தொண்ணூறுகளின் நடுவில் வெளியிட்ட இந்த முறை மிகத் தாராளமானது: எட்டு அச்சுகள், நான்கு திசைப் பட்டன்கள், 128 சாதாரணப் பட்டன்கள் வரை எந்தச் சாதனம் வந்தாலும் அது வரவேற்றது. கார் ஸ்டியரிங்கா, விமானக் கட்டுப்பாட்டுத் தண்டா, இரட்டை ஸ்டிக் கேம்பேடா என்று அது விசாரிக்கவில்லை. ஆனால் அந்தத் தாராளத்துக்கு ஒரு விலை இருந்தது. முதல் பட்டன் என்று டைரக்ட்இன்புட் சொன்னால், அது கேம்பேடில் எந்த இடத்தில் இருக்கிறது என்று ஆட்டத்துக்குத் தெரியாது. சோனியின் பிளேஸ்டேஷனைப் பார்த்து வார்த்த நம் மலிவுக் கேம்பேடுகள் பலவற்றில் முக்கோணம் முதல் பட்டன், வட்டம் இரண்டாவது, பெருக்கல் குறி மூன்றாவது, சதுரம் நான்காவது. வேறொரு கம்பெனியின் கேம்பேடில் வரிசை வேறு. ஆகவே ஆட்டத்தைத் தொடங்குமுன், ஓடுவதற்கு எது, அடிப்பதற்கு எது என்று ஆடுகிறவனே உட்கார்ந்து அமைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கிரிக்கெட் 07 பழகியவர்களுக்கு அந்த அமைப்புப் பக்கம் நன்கு நினைவிருக்கும்.

இரண்டாவது பாதையின் பெயர் எக்ஸ்இன்புட். 2005 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360 என்னும் விளையாட்டு யந்திரம் வெளிவந்ததை ஒட்டி, அதன் கேம்பேடைக் கம்ப்யூட்டரிலும் பயன்படுத்துவதற்கென மைக்ரோசாப்ட் இதை வகுத்தது. தாராளத்துக்கு நேர் எதிரான கொள்கை இது. கேம்பேட் என்றால் அதற்கு இரண்டு ஸ்டிக், விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப 0 முதல் 255 வரை மாறும் இரண்டு டிரிக்கர், நான்கு திசைகள், ஏ, பி, எக்ஸ், ஒய் முதலான பத்துப் பட்டன்கள். ஒரே சமயத்தில் நான்கு கேம்பேடுகளுக்கு மேல் இல்லை. இந்த ஒரே வார்ப்பு நிச்சயமானதும், ஆட்டம் செய்கிறவர்களின் சிரமம் பெரிதும் தீர்ந்தது. திரையில் பச்சை நிற ஏ பட்டனை வரைந்து “இதை அழுத்து” என்று சொல்லிவிடலாம். அது எங்கே இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆடுகிறவன் எதையும் அமைக்க வேண்டியதில்லை. எனவே அடுத்த பத்தாண்டுகளில் வந்த ஆட்டங்களில் பல இந்தப் பாதையில் மட்டுமே காதைத் திறந்து வைத்துக்கொண்டன. டான் பிராட்மன் கிரிக்கெட் 14 அவற்றுள் ஒன்று. எக்ஸ்பாக்ஸ் 360 கேம்பேடு பொதுவான ஹெச்.ஐ.டி. விதியைப் பின்பற்றாமல் தனக்கென ஒரு பிரத்தியேக வகையாகத் தன்னை அறிவித்துக்கொண்டது, ஹெச்.ஐ.டி. விதியைச் செவ்வனே பின்பற்றிய மற்றக் கேம்பேடுகளோ எக்ஸ்இன்புட்டின் கணக்கில் இல்லாதவையாகப் போயின. விதியை மதித்த ஏழைச் சாதனம் வெளியே நிற்க, விதியைத் தனக்கென அமைத்துக்கொண்ட சாதனம் உள்ளே போன இந்த ஏற்பாட்டை நான் சௌகரியம் என்று ஒப்புக்கொள்வேன். நியாயம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இப்போது நமக்கு வேண்டியவர் ஒரு துபாஷி. பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளேயிடம் ஆனந்தரங்கப் பிள்ளையும், பின்னர் சென்னைப் பட்டணத்து ஆங்கிலேயரிடம், இன்றும் காஞ்சிபுரத்திலும் தம் பெயரால் ஒரு கல்லூரி விளங்க நிற்கும் பச்சையப்ப முதலியாரும் வகித்த உத்தியோகம் அது. நெசவாளர் தறியை மாற்றவில்லை. துரை தம் பாஷையை மாற்றவில்லை. இடையில் நின்றவர் இரண்டு பக்கத்து வழக்கத்தையும் அறிந்து, இவர் சொன்னதை அவருக்குப் பழகிய வடிவத்தில் எடுத்துச் சொன்னதால் வியாபாரம் நடந்தது. கேம்பேடின் சில்லையும் நாம் மாற்ற முடியாது. ஆட்டத்தின் நிரலையும் மாற்ற முடியாது. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து, எட்டு எண்களை வாங்கி, எக்ஸ்பாக்ஸ் கேம்பேடு பேசும் தோரணையில் மொழிபெயர்த்துக் கொடுக்கும் மென்பொருள்களைத் துபாஷி மென்பொருள் என்றே இக்கட்டுரையில் அழைப்போம். அவற்றுள் நம் நாட்டுப் பிள்ளைகளிடையே மிகவும் பிரசித்தமானது எக்ஸ்360சிஇ. டான் பிராட்மன் கிரிக்கெட்டை மலிவுக் கேம்பேடில் ஆட விரும்பியவர்களுக்குக் கைகொடுத்தது இதுதான்.

துபாஷி தர்பாருக்குள் நுழைவது எப்படி? ஒரு வழி இது: ஓர் ஆட்டம் எக்ஸ்இன்புட்டுடன் பேச வேண்டுமானால் அதற்கென உள்ள, டி.எல்.எல். எனப்படும் துணைநிரல் கோப்பு ஒன்றைத் தேடும். விண்டோஸில் இயங்கும் நிரல்கள் சாதாரணமாக இத்தகைய கோப்புகளை முதலில் தம் சொந்த ஃபோல்டரிலும், அங்கே கிடைக்காவிட்டால் விண்டோஸின் ஃபோல்டரிலும் தேடுகின்றன. எனவே அதே பெயரைத் தாங்கிய வேறொரு டி.எல்.எல். கோப்பை ஆட்டத்தின் ஃபோல்டரிலேயே வைத்துவிட்டால், ஆட்டம் அதையே அசல் என்று எண்ணிக் கேள்வி கேட்கிறது. அது உடனே டைரக்ட்இன்புட் பக்கம் திரும்பி, நம் கேம்பேடின் நிலையை அறிந்து, உருமாற்றிப் பதில் சொல்கிறது. எக்ஸ்360சிஇயின் மூன்றாம் பதிப்பு வேலை செய்தது இப்படித்தான். ஆட்டம் 32 பிட் நிரலாக இருந்தால் கோப்பும் 32 பிட்டாகவும், 64 பிட்டாக இருந்தால் அதுவும் 64 பிட்டாகவும் இருக்க வேண்டும் என்பதை மறந்து, “எல்லாம் சரியாக வைத்தும் எடுக்கவில்லை” என்று திகைத்தவர்கள் அநேகர்.

இரண்டாவது வழி இன்னும் ஆழமானது. விண்டோஸின் உட்கருவிலேயே, இல்லாத ஒரு யூ.எஸ்.பி. இணைப்பை உண்டாக்கி, அதில் இல்லாத ஓர் எக்ஸ்பாக்ஸ் 360 கேம்பேடு செருகப்பட்டிருப்பதாக அறிவித்துவிடுவது. யார் என்று கேட்டால் அந்த மாயக் கேம்பேடு 1118, 654 என்று மைக்ரோசாப்டின் எண்களையே சொல்லும். விஜெம்பஸ் என்னும் இலவச டிரைவர் செய்யும் காரியம் இது. எக்ஸ்360சிஇயின் நான்காம் பதிப்பு இதையே நம்பியிருக்கிறது. 2023-இல் விஜெம்பஸின் ஆசிரியர் அதன் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டார் என்றாலும், பல கம்ப்யூட்டர்களில் அது இன்றும் இயங்குகிறது. இந்த வழியில் ஒரு விசித்திரமான இடைஞ்சல் உண்டு: இரண்டு பாதைகளிலும் காது வைத்திருக்கும் ஆட்டங்கள், அசலையும் மாயத்தையும் தனித்தனிக் கேம்பேடுகளாகக் கண்டு, ஒரு பட்டனை அழுத்தினால் இரண்டு முறை அழுத்தியதாகக் கொள்ளும். அப்போது அசல் கேம்பேடை ஆட்டத்தின் கண்ணில் படாமல் மறைப்பதற்கு இன்னொரு மென்பொருள் வேண்டியிருக்கும்.

மொழிபெயர்ப்பு என்பது சொல்லுக்குச் சொல் வைப்பதன்று என்பதை இலக்கியம் அறிந்தவர்கள் சொல்வார்கள், இங்கும் அப்படியே. முக்கோணம் அழுத்தினால் ஒய், பெருக்கல் குறி அழுத்தினால் ஏ என்று பொருத்திவிடுவது எளிது. ஸ்டிக்குகளில்தான் நுட்பம் இருக்கிறது. நம் கேம்பேடு 0 முதல் 255 வரை எண்ணுகிறது; எக்ஸ்இன்புட் மைனஸ் 32768 முதல் 32767 வரை எண்ணுகிறது; ஆகவே அளவுகோலை நீட்ட வேண்டும். ஹெச்.ஐ.டி. வழக்கில் ஸ்டிக்கை மேலே தள்ளினால் எண் குறையும். எக்ஸ்இன்புட்டில் மேலே தள்ளினால் எண் கூடும். ஆகவே ஒய் அச்சைத் தலைகீழாக்க வேண்டும். 256 படிகள் கொண்ட அளவில் சரிநடுவாக ஒரு படி கிடையாது. அதோடு மலிவு மின்தடைகள் நடுநிலைக்குத் துல்லியமாகத் திரும்புவதும் இல்லை. ஆகவே நடுவைச் சுற்றி ஒரு சிறு வட்டத்துக்குள் ஸ்டிக் எங்கிருந்தாலும் அதை அசையாததாகவே கொள்ள வேண்டும். செயலற்ற வட்டம் என்று நாம் பெயரிடத்தக்க இதற்கு, 32767-இல் இடது ஸ்டிக்குக்கு 7849, வலது ஸ்டிக்குக்கு 8689 என்று மைக்ரோசாப்டே அளவு பரிந்துரைத்திருக்கிறது. இது இல்லாவிட்டால், யாரும் தொடாதபோதே ஆட்டக்காரன் மெல்ல ஒரு பக்கமாக நடந்துகொண்டிருப்பான்.

வலது ஸ்டிக்கின் சங்கதி தனி. மலிவுக் கேம்பேடுகளில் பெரும்பாலானவை அதை இசட் அச்சு என்றும் இசட் சுழற்சி என்றும் அறிவிக்கின்றன. எக்ஸ்பாக்ஸ் வழக்கில் அந்த இடத்தில் எக்ஸ் சுழற்சியும் ஒய் சுழற்சியும் இருக்கும். டான் பிராட்மன் கிரிக்கெட்டில் இடது ஸ்டிக் காலை முன்னே வைப்பதா பின்னே வைப்பதா என்று தீர்மானிக்கிறது. வலது ஸ்டிக் மட்டையை வீசுகிறது. துபாஷி இந்த ஒரு வரியைத் தவறாகப் பொருத்திவிட்டால், பேட்ஸ்மேன் அழகாகக் காலை முன்னே வைத்துவிட்டு மட்டையை அசைக்காமல் நின்று போல்டாவதைக் காணலாம். அவ்வாறே, கேம்பேடின் நடுவில் உள்ள அனலாக் அல்லது மோட் என்ற பட்டனை அழுத்திச் சிவப்பு விளக்கை எரிய விடாவிட்டால், பல கேம்பேடுகளில் இடது ஸ்டிக் தன் 256 படிகளையும் இழந்து வெறும் திசைப் பட்டனாகவே நடந்துகொள்ளும். எந்த மென்பொருளையும் குறை சொல்லுமுன் அந்த விளக்கைப் பார்ப்பது நல்லது.

துபாஷியால் ஆகாத காரியமும் உண்டு. மலிவுக் கேம்பேடில் டிரிக்கர்களின் இடத்தில் உள்ள எல்2, ஆர்2 இரண்டும் வெறும் பட்டன்கள். எக்ஸ்பாக்ஸின் டிரிக்கர்களோ விரல் எவ்வளவு அமுக்குகிறது என்பதையும் சொல்லுகிறவை. கேம்பேடு அளந்து அனுப்பாத ஒன்றை எந்த மென்பொருளும் கற்பனை செய்து சேர்க்க முடியாது. ஆகவே கார் ஆட்டங்களில் ஆக்ஸிலரேட்டர் ஒன்று முழுவதும் விடுபட்டிருக்கும், அல்லது முழுவதும் மிதிபட்டிருக்கும், நடுத்தரம் இல்லை. சமர்த்தர்கள் வலது ஸ்டிக்கின் மேல்பாதியை ஆக்ஸிலரேட்டருக்கும் கீழ்ப்பாதியை பிரேக்குக்கும் ஒதுக்கி இதைச் சமாளிக்கிறார்கள். கேம்பேடின் அசைவைக் கீபோர்டு எழுத்தாக மாற்றும் ஜாய்டுகீ போன்ற பழைய மென்பொருள்களில் இந்த நஷ்டம் இன்னும் அதிகம். அங்கே ஸ்டிக்கின் படிகள் அத்தனையும் போய், சாய்ந்தது, சாயவில்லை என்ற இரண்டே மிஞ்சுகின்றன. கீபோர்டை ஏற்காத ஆட்டத்துக்கு அவை உதவவும் மாட்டா.

இவற்றையெல்லாம் எப்படித் தெரிந்துகொண்டார்கள் என்று வாசகர் கேட்கலாம். ஹெச்.ஐ.டி. விதி பகிரங்கமானது, அதைப் படித்தே அறியலாம். எக்ஸ்பாக்ஸ் 360 கேம்பேடின் சம்பாஷணையோ அப்படி விளக்கி வெளியிடப்பட்டதன்று. விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸைப் பழகிய தன்னார்வலர்கள், யூ.எஸ்.பி. கம்பியில் போகும் செய்திகளைப் பதிவு செய்து காட்டும் மென்பொருள்களை வைத்துக்கொண்டு, கேம்பேடை அசையாமல் வைத்து ஒரு பதிவு, ஏ பட்டனை மட்டும் அழுத்தி ஒரு பதிவு, பி பட்டனை மட்டும் அழுத்தி ஒரு பதிவு என்று எடுத்து, எந்த பைட்டில் எந்தப் பிட் மாறுகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதையெல்லாம் மாறாமல் வைத்து, விளைவைக் கவனிப்பது என்ற விஞ்ஞானத்தின் ஆதார முறையே இங்கும் பயன்பட்டது. செய்தியின் நீளம் 20 பைட், இரண்டாவது பைட் அந்த நீளத்தையே சொல்கிறது, மூன்றாவதும் நான்காவதும் பட்டன்கள், ஐந்தும் ஆறும் டிரிக்கர்கள், அதன்பின் ஸ்டிக்குகள், கடைசி ஆறும் பயனற்றவை என்று ஒவ்வொன்றாக வெளிப்பட்டது. இப்படிக் கிடைத்த ஞானம் லினக்ஸின் எக்ஸ்பேட் டிரைவரில் எவரும் படித்துப் பார்க்கும்படி எழுதப்பட்டிருக்கிறது. விலையில்லா மடிக்கணினிகளில் ஆரம்பத்தில் விண்டோஸுடன் சேர்த்துத் தரப்பட்ட பாஸ் லினக்ஸ், சென்னை சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கியது. அத்தகைய லினக்ஸில் ஜேஎஸ்டெஸ்ட் என்ற சிறு கருவியை இயக்கினால், மாகறலில் இருக்கும் ஒரு மாணவியும் தன் கேம்பேடின் ஒவ்வோர் எண்ணும் மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

அறிந்ததைப் பொதுச் சொத்தாக்கியவர்களின் வேலை எனக்கு எல்லாவற்றிலும் உயர்ந்ததாகத் தோன்றுகிறது. சாம் லான்டிங்கா என்பவர் 1998-இல் தொடங்கிய எஸ்.டி.எல். என்னும் இலவச மென்பொருள் நூலகத்தின் இரண்டாம் பதிப்பில், ஒவ்வொரு கேம்பேடின் அடையாள எண்ணையும், அதன் எந்தப் பட்டன் எக்ஸ்பாக்ஸின் எந்தப் பட்டனுக்குச் சமம் என்பதையும் ஒரே வரியில் எழுதும் முறை வந்தது. ஏ என்றால் இந்தக் கேம்பேடின் மூன்றாவது பட்டன், பி என்றால் இரண்டாவது, எக்ஸ் என்றால் நான்காவது, ஒய் என்றால் முதலாவது என்ற மாதிரி. உலகெங்கும் உள்ளவர்கள் தங்கள் கையிலிருந்த கேம்பேடுக்கு இப்படி ஒரு வரி எழுதிப் பொதுப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலைத் தன்னுள் வைத்திருக்கும் ஆட்டத்தில், தனித் துபாஷி எதுவும் இல்லாமலே மலிவுக் கேம்பேடு வேலை செய்கிறது. ஆட்டங்களை விற்கும் ஸ்டீம் தளமும் 2017 முதல் சாதாரணக் கேம்பேடுகளுக்குத் தன் மென்பொருளுக்குள்ளேயே இந்தச் சேவையைத் தருகிறது. பிரவுசரில் ஓடும் ஆட்டங்களுக்கென 17 பட்டன்களும் நான்கு அச்சுகளும் கொண்ட ஒரு பொது வார்ப்பை வலைத் தர நிர்ணய அமைப்பான டபிள்யூ3சி வகுத்திருக்கிறது. கைகால் வழங்காதவர்கள் பெரிய பட்டன்களையும் கால்மிதிகளையும் செருகி ஆடும்படி, 19 செருகுவாய்களோடு 2018-இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரின் அடிப்படையும், எந்தச் சாதனத்தின் அசைவையும் ஆட்டம் அறிந்த வடிவத்துக்கு மொழிபெயர்க்கலாம் என்ற இதே தத்துவம்தான்.

கேம்பேடு வைத்திருக்கும் வாசகர்களுக்குச் சில வார்த்தைகள். உங்கள் கேம்பேடு ஓர் ஆட்டத்தில் பேசாவிட்டால் உடனே அதைக் குப்பையில் போட வேண்டாம். விண்டோஸின் தேடல் பெட்டியில் ஜாய் டாட் சிபிஎல் என்பதை ஆங்கிலத்தில் தட்டிச் சோதனை ஜன்னலைத் திறந்து, வட்டங்கள் ஒளிர்கின்றனவா என்று பாருங்கள். ஒளிர்ந்தால் சாதனம் நலமாகவே இருக்கிறது. துபாஷி மென்பொருளை அதன் ஆசிரியர்களின் இடத்திலிருந்தே இறக்குங்கள், டி.எல்.எல். கோப்பு என்ற பெயரில் ஊர் பேர் தெரியாத இடங்களிலிருந்து வருபவை கம்ப்யூட்டருக்கே கேடு விளைவிக்கலாம். பலரோடு சேர்ந்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களில் அந்நியமான டி.எல்.எல். கோப்பை வைத்தால், மோசடியைத் தடுக்கும் காவல் மென்பொருள் உங்களையே சந்தேகிக்கக்கூடும். அங்கே அந்த வழி வேண்டாம். புதிதாக வாங்கப் போகிறவர்கள், எக்ஸ்இன்புட், டைரக்ட்இன்புட் இரண்டுக்கும் மாறிக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். அத்தகைய கேம்பேடுகள் இப்போது நம் ஊர்க் கடைகளிலேயே கிடைக்கின்றன.